மாவு தூவிய மீன்

விபத்தில் கால் முறிந்து என் கணவர் வீட்டோடு முடங்கியபோது, கடல்மீன் தொட்டி ஒன்றுதான் அவரை எழுப்பி உட்காரவைத்தது. சென்னையிலிருந்து ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட க்ளவுன் மீன் ஒரு ஜோடி வரவழைத்தோம். புது மீனை உடனே மற்ற மீன்களோடு விடக்கூடாது என்பதால், சமையல் மேடையில் சின்னத் தொட்டி ஒன்றில் தனியாக வைத்திருந்தோம்.

சில நாளிலேயே இரண்டின் மேலும் வெள்ளைப் புள்ளிகள்.

"உப்புப்புள்ளி நோவுதாம்மா. தண்ணில உப்பக் கொறச்சா போயிடும்" என்றார் அவர். குறைத்தோம். மறுநாள் காலையில் பெரிய மீன் இரை எடுக்காமல், பம்பின் நீரோட்டத்தை எதிர்த்து நின்று, செவுள் படபடக்க மூச்சு வாங்கியது.

விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தேன். உப்புக்கல் போலத் தனித்தனிப் புள்ளியாக இல்லை. சலித்த மாவைத் தூவினாற்போல உடம்பெங்கும் மங்கிய மஞ்சள் பொடி. வீடியோ எடுத்து, மீன் அனுப்பிய சென்னைக் கடைக்காரருக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"சிஸ்டர், இது வெல்வெட்னு வேற நோவு. உப்பக் கொறச்சா இது போவாது. காப்பர் மருந்து போட்டே ஆவணும். பஸ்ல குடுத்தனுப்பறேன். அதுக்குள்ள உப்பில்லாத தண்ணில கொஞ்ச நேரம் விட்டு எடுங்க. தொட்டித் தண்ணி இருக்கற அதே சூட்ல இருக்கணும்."

சின்ன மீனை முதலில் விட்டேன். அது ஒருக்களித்துச் சாய்ந்தது.

"செத்துடப் போவுது, எடுத்துடுமா!" வாக்கரைப் பிடித்தபடி அவர் கத்தினார். எடுத்துவிட்டேன். பெரியதை உப்பில்லாத தண்ணீரில் இறக்க இருவருக்கும் தைரியம் வரவில்லை.

பஸ் நிலையத்துக்கு ஓடினேன். முகூர்த்த நாள். பட்டுப்புடவை எடுக்க எங்கள் ஊருக்கு வந்த கார்கள் சாலையை அடைத்திருந்தன. வீட்டிலிருந்து அவருடைய போன்.

"எங்கமா இருக்குற? பெருசு அடில படுத்துக்கினு இருக்குது."

"பஸ்ஸு இன்னும் வரலீங்க."

மறுமுனையில் அவர் மூச்சு வாங்குவது கேட்டது. நின்ற இடத்திலேயே அழுதேன்.

"யாருக்குமா ஒடம்பு சரியில்ல?" என்றார் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா.

மீனுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. "வூட்லம்மா" என்றேன்.

மருந்தோடு திரும்பியபோது பெரிய மீன் செத்திருந்தது. அவர் அதை ஒரு தட்டில் எடுத்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் சொன்ன அளவில் மருந்தைத் தொட்டியில் விட்டோம். சின்னது வாரக்கணக்கில் அந்த மருந்துத் தண்ணீரில் கிடந்து பிழைத்தது. அது முதன்முதலாக இறால் துண்டை இழுத்துத் தின்ற அன்று கேட்டேன்.

"ஜோடிக்கு இன்னொன்னு வாங்கலாங்களா?"

"வேணாம்மா" என்றார். "இன்னொரு தபா என்னால முடியாது."