கிரேஸ் அக்கா கொடுத்த சம்பங்கி

கிரேஸ் அக்கா போய்விட்டார். காலை ட்ரெயினில் அவர் மகளிடமிருந்து மெசேஜ்… திருவாலங்காட்டில் இறங்கி எதிர் ட்ரெயின் பிடித்துத் திரும்பிவிட்டேன்.

ஒரே ஆபீஸ், ஒரே ட்ரெயின். பதினோரு வருஷம் எனக்கு சீட் பிடித்து வைத்தவர். ஏறியதும் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவேன், பேசின் பிரிட்ஜ் வந்தால் எழுப்புவார்.

ரிட்டயர் ஆகி ஆர்.கே.பேட்டையில் மகள் வீட்டு மாடிக்குப் போனபோது, தன் தோட்டத்துச் சம்பங்கிக் கிழங்கை ஒரு கட்டைப்பை நிறையக் கொடுத்தார். அங்கே ஒரு பிடி மண் கிடையாது.

"நீ வெச்சிக்கோம்மா. பூத்தா போட்டோ அனுப்பு."

முதல் வருஷம் பூத்தது, அனுப்பினேன். அப்புறம் நின்றுவிட்டது. கிழங்குகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, மேலே புல் மாதிரி இலை மட்டும்… "தோண்டிப் பிரிச்சி நடும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் "ஆங்க்கா, ஆங்க்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் துணி, மாவு, தூக்கம். நிஜமாகவே முடியவில்லை.

இந்த வருஷம் அக்கா படுத்த படுக்கை. "இந்த வாட்டியாச்சும் பூத்துதா?" போனில் குரலே எழும்பவில்லை.

பூத்தது என்று சொல்லிவிட்டேன். சொன்னால் போட்டோ வேண்டுமே… மார்க்கெட்டில் தண்டோடு நாலு சம்பங்கி வாங்கி, இலைகளுக்கு நடுவில் சொருகி, எடுத்து அனுப்பினேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

வாய்ஸ் மெசேஜ் வந்தது. "பூ சூப்பரா கீதும்மா. நாலு தண்டையும் ஒரே அளவுல வெட்டிகீறான் பாரு கடைக்காரன்…" சிரிப்பு, இருமல். "பரவால்ல உடு. ஞாயித்துக்கெழம வீடியோ கால் போடு. நான் பாத்துகினே இருக்கேன், நீ தோண்டு."

போனைச் செங்கல்லில் சாய்த்து வைத்துத் தோண்டினேன்.

"பிச்சி இழுக்காத, மெதுவா திருகி எடு. நடுவுல கீற பெரிசு பூத்து முடிஞ்சது, அது வேணாம். ஓரத்துல கீறத எடுத்துக்கோ. பொடிச தூக்கிப் போட்டுடாத, தனியா நடு. அது அடுத்த வருஷத்துக்கு."

பாதியிலேயே கண் அசந்துவிட்டார். எழுப்ப மனசு வரவில்லை. போனை அணைக்காமலே மீதியையும் பிரித்து முடித்தேன்.

நிழலில் உலர்த்தி நட்டு ஒரு மாதம்தான் ஆகிறது. இலை விரல் உயரம் வந்திருக்கிறது. பூக்க இன்னும் ரெண்டு மாசமாவது வேண்டும்.

மூன்று மணிக்கு அடக்கம். ஆர்.கே.பேட்டை பஸ்ஸுக்காக நின்றுகொண்டு இதை எழுதுகிறேன். கையில் மார்க்கெட்டில் வாங்கிய சம்பங்கி மாலை.

இந்த வாட்டியும் கடைப் பூதான்க்கா… கோவிச்சிக்காம வாங்கிக்கோங்க.