எரிவு நின்ற பிறகு

பாலசுந்தரம் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் நட்டஈட்டுக் கோரிக்கைகளை விசாரிப்பவர். கொழும்பு கிராண்ட்பாஸில் ஒரு களஞ்சியம் எரிந்தால், மின்ஒழுக்கா, அணைக்காமல் விட்ட மெழுகுதிரியா, உரிமையாளரே வைத்த தீயா என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. எதற்கும் ஒரு காரணம் இருக்கும், பொறுமையாகத் தேடினால் அகப்படும் என்பது அவருடைய நம்பிக்கை. 2007இல் அது ஆட்டம் கண்டது.

நெஞ்செரிவு அவருக்குப் பழைய வியாதி. சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் புளித்த நீர் தொண்டைவரை ஏறும். அந்த வருடம்தான் வைத்தியசாலையில் வாய்வழியே கமரா விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயின் அடியில் உட்தோல் மாறியிருப்பதாக டொக்டர் சொன்னார். புற்றுநோய் இல்லை, ஆனால் சிலருக்கு அப்படியாகலாம். வயிற்று அமிலம் குறைய தினமும் காலையில் ஒரு குளிசை. ஒரு வருடத்தில் மறுபடி கமரா.

"ஆகலாம் எண்டால், ஆகுமோ ஆகாதோ?" மனைவி கனகேஸ்வரி கேட்டார்.

"சிலருக்கு ஆகுமாம்."

"நீங்கள் அந்தச் சிலரிலை ஒராளோ?"

மறுநாளிலிருந்து கனகேஸ்வரி தங்கள் வெள்ளவத்தை வீட்டில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் மாலைதோறும் கற்பூரம் கொளுத்தத் தொடங்கினார். அடுத்த கமரா வரைக்கும் என்று நேர்த்தி. கீழ்மாடியில் குடியிருந்த றலியாவோ, கொட்டாஞ்சேனையில் பலீல் டொக்டரின் ஹோமியோபதி மருந்து தன் தாயின் வயிற்றெரிவுக்குக் கேட்டது என்றாள். பாலசுந்தரம் போனார். நம்பிக்கை இருந்து போகவில்லை. மறுப்பதற்கும் காரணம் இருக்கவில்லை.

பலீல் வெகுநேரம் விசாரித்துவிட்டு, சின்னப் போத்தல் ஒன்றில் சீனி உருண்டைகள் போலச் சில கொடுத்தார்.

"கையால தொட வாணாம், மூடியில கொட்டி நாக்குல போடுங்க. கோப்பி வாணாம். கற்பூர வாசமும் வாணாம், மருந்த முறிச்சிரும். இங்கிலீஸ் டொக்டர்ட குளிசைய நிப்பாட்டவே வாணாம். இது அதோட தொணைக்குத்தான்."

யுத்த காலம்; திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். பெயரொட்டாத போத்தலைக் கண்ட சிப்பாய், இது என்ன என்று சிங்களத்தில் "மொனவத மே?" என்று கேட்டான். "பெஹெத்" என்றார் பாலசுந்தரம். மருந்து என்ற சொல் சிப்பாய்க்குப் போதவில்லை. உருண்டைகள் முழுவதையும் உள்ளங்கையில் கொட்டி, முகர்ந்து, பிறகு மறுபடி போத்தலுக்குள் போட்டான். மருந்து இன்னும் மருந்துதானா என்று பாலசுந்தரத்துக்கு விளங்கவில்லை. எறியவும் மனமில்லை.

வீட்டில் அடுத்த சிக்கல்.

"இஞ்சேரும், கற்பூரத்தைக் கொஞ்ச நாளைக்கு விடும்."

"விட்டுப்போட்டுப் பிள்ளையாருக்கு என்ன, டோர்ச் அடிக்கிறதே?"

"மருந்தை முறிக்குமாம்."

"சாமிக்குக் கொளுத்திறது முறிக்கிற மருந்து என்ன மருந்தப்பா?"

கடைசியில் கற்பூரம் பல்கனிக்குப் போனது. கடற்காற்று அதன் புகையை நேரே வீட்டுக்குள் கொண்டுவந்தது.

இத்தனைக்கும் பிறகு, சில மாதங்களில் எரிவு நின்றுவிட்டது. மகிழ வேண்டிய மனிதர் குழம்பினார். குளிசையா, சிப்பாய் தொட்ட உருண்டையா, பிள்ளையாரா, விட்டுவிட்ட கோப்பியா? அலுவலகத்தில் இப்படியொரு கோரிக்கைக் கோவை வந்தால், ஒவ்வொரு சாத்தியமாக விலக்கிப் பார்ப்பார். அதையே தன்னிலும் செய்தார். ஒருவருக்கும் சொல்லாமல் முதலில் டொக்டரின் குளிசையை நிறுத்தினார். சில நாள் எரிந்தது. பிறகு அதுவும் அடங்கியது. அப்படியென்றால் குளிசை தேவையில்லை, கமராவும் தேவையில்லை என்று முடிவுகட்டினார். அதைப் பலீலிடம் கொஞ்சம் பெருமையோடேயே சொன்னார்.

பலீல் பேனையை மேசையில் வைத்தார். "ஒங்களுக்கு யாரு நிப்பாட்டச் சொன்ன?"

"எரிவு இல்லையே, டொக்டர்."

"எரிவு இல்லாட்டி எரிவு இல்ல, அவ்வளவுதான். மாறின தோலுக்கு எரிவு தெரியிறது கொறவு. நல்லாகியும் நிண்டிருக்கலாம், கூட மாறியும் நிண்டிருக்கலாம். எனக்கும் தெரியாது, ஒங்களுக்கும் தெரியாது."

"அப்ப உங்கடை மருந்து?"

"அதுவும் கமராவுக்குப் பொறகு பாப்பம். ரிப்போட் இல்லாம இனி நான் ஒண்டும் தாற இல்ல."

தன் மருந்தைப் பற்றி இப்படிப் பேசும் வைத்தியர்கள் அதிகமில்லை. அவரைப் பற்றி இதற்கு மேல் சொல்ல அவசியமில்லை.

பாலசுந்தரம் பஸ்ஸில் ஏறாமல் நெடுந்தூரம் நடந்தார். எரிவு இருந்தபோது அதை ஒரு கேடு என்று மட்டுமே எண்ணியிருந்தார். இப்போது அதன் இல்லாமை என்ன சொல்கிறது என்று தெரியாமல் பயந்தார். நெஞ்சில் ஒருமுறை எரிந்தால் நிம்மதியாக இருக்கும் என்றுகூட நினைத்தார். அப்படி நினைத்தது அவருக்கே விசித்திரமாகப்பட்டது.

அடுத்த நாளே குளிசையை மீண்டும் தொடங்கினார். குறித்த தவணையில் வெறும் வயிற்றோடு போய்க் கமராவுக்கு வாயைத் திறந்தார். வெட்டியெடுத்த தோல் துணுக்கின் பரிசோதனை முடிவு சில வாரங்களின் பின் வந்தது. முந்திய நிலையில் மாற்றமில்லை.

"என்னத்தாலை கூடாமல் நிண்டது, டொக்டர்?" என்று வைத்தியசாலையில் கேட்டார்.

"குளிசை அமிலத்தைக் குறைக்கும். மற்றதுகளைப் பற்றி என்னாலை சொல்லேலாது. குளிசை இல்லாமலும் இந்த வருசம் இப்பிடியே நிண்டிருக்கலாம்."

வீட்டுக் கதவைத் திறந்தபடியே கனகேஸ்வரி கேட்டார்: "என்னவாம்?"

"அப்பிடியே இருக்காம்."

"அது நல்லதோ, கூடாததோ?"

பாலசுந்தரம் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு யோசித்தார்.

"வாற முறையும் போய்ப் பாக்கவேணும்" என்றார்.