பதினொரு தோட்டங்களில் கரிச்சீனி

இடது கையில் பாத்திரம் கழுவும் மஞ்சள் றப்பர் உறை, வலது கையில் தோல் உறை. இலையைப் பிடிக்கிற கையில் சுணை படக்கூடாது, கத்தி பிடிக்கிற கை வழுக்கக்கூடாது என்பது அமலராணியின் நியாயம். குந்தியிருந்து செடியின் கழுத்தை ஒரு பிடியாகச் சேர்த்துப் பிடிப்பார். நிலத்திலிருந்து நாலு விரல் மேலே ஒரே இழுப்பு. இழுக்குமுன் டேனிஷில் ஒரு காலை வணக்கம். ஏன் தமிழில் சொல்வதில்லை என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"இதுகள் இஞ்ச பிறந்ததுகள். என்ரை பிள்ளையளுக்கே தமிழிலை சொன்னா ஏறாது, செடிக்கு ஏறுமோ?"

ஆங்கிலத்தில் இந்தச் செடிக்குக் கொம்ஃப்ரி என்று பெயர். டேனிஷ்காரர் 'குல்சுகர்' என்பார்கள். 'குல்' என்றால் கரி, 'சுகர்' என்றால் சீனி. அமலராணி இரண்டையும் சேர்த்துக் கரிச்சீனி ஆக்கிவிட்டார். கழுதைக் காது நீளத்துக்கு இலை. வேர் ஆள் உயரத்துக்குக் கீழே போய், அங்கே கிடக்கும் சத்தை எல்லாம் இலைக்கு ஏற்றிவிடும். அந்த இலையை ஊறவைத்த தண்ணீர்தான் அவருடைய தக்காளிக்கும் மிளகாய்க்கும் சாப்பாடு. "நாங்கள் தின்னக் கூடாது, ஈரலுக்குக் கேடு. மிளகாய் தின்னட்டும், மிளகாயை நாங்கள் தின்னுவம்."

டென்மார்க்கின் சில்க்போர்க் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை. அங்கே மணி அடித்தால் ஓட வேண்டும். ஒரு நாளில் நாற்பது தடவையாவது அடிக்கும். நகரின் ஓரத்தில் இருக்கும் இந்த வாடகைத் தோட்டத்துக்கு அவர் ஆறு வருடம் பெயர் பதிந்து காத்திருந்தார். அறுபது துண்டுகள், ஒவ்வொன்றிலும் சின்ன மரக்குடில், எல்லாவற்றுக்கும் மேலே வேலியின் உயரத்தைக்கூட அளந்து பார்க்கும் ஒரு சங்கம். சனிக்கிழமை காலையில் கேற்றைத் திறந்ததும், "அப்பாடா, இனி ஒருத்தரும் என்னைக் கூப்பிடேலாது" என்று வாய்விட்டே சொல்வார்.

ஒரு குறைதான். இலை மூன்று கிழமை ஊறினால் எழும்பும் மணம் மனிதர் தாங்கக்கூடியது அல்ல. கணவர் சூசைதாசன், உடுப்பு மாற்றாமல் அவரை வீட்டுக்குள் விடமாட்டார். "நீர் பசளை காய்ச்சுறீரோ, பேயோட்டுறீரோ?"

போன வருடம் ஜூன் இருபத்துமூன்றாம் திகதி, சங்கத்தார் புல்வெளியில் நீள மேசை போட்டு நடுக்கோடைத் தீ மூட்டத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். அமலராணி மிளகாய்க்கு ஊற்றுவதற்காக, இலை ஊறிக்கொண்டிருந்த நீலப் பீப்பாயின் மூடியைத் திறந்தார். காற்று திரும்பியது. உருளைக்கிழங்குச் சாலட்டும் கையுமாக இருந்த நாற்பது பேர் ஒரே நேரத்தில் மூக்கைப் பொத்தினார்கள்.

இரண்டு நாளில் சங்கத் தலைவர் நிக்கலஸின் கடிதம் வந்தது. பீப்பாயும் செடியும் இரண்டு கிழமைக்குள் போக வேண்டும், இல்லாவிட்டால் தோட்டம் போய்விடும்.

அன்று மண்வெட்டியோடு போனவர் செடிகளுக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. வெளியே கறுப்பும் உள்ளே வெள்ளையுமான தடித்த வேர்கள் கரட் மாதிரி முறிந்து முறிந்து வந்தன. தள்ளுவண்டியில் அடங்குவதற்காக அவற்றைத் துண்டு துண்டாக நறுக்கி, சங்கத்தின் பொதுக் கூட்டெருக் குவியலில் கொண்டுபோய்க் கொட்டினார். வீணாகப் போகக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான்.

ஏப்ரலில் எல்லோரும் அந்த எருவை அள்ளிக்கொண்டு போனார்கள். மே பிறந்தபோது பதினொரு தோட்டங்களில் கழுதைக் காதுகள் எழும்பி நின்றன.

"ஒருத்தருக்கும் தெரியாது. நீர் வாயைத் திறவாதையும்" என்றார் சூசைதாசன்.

"எல்லாருக்கும் தெரியும். வேறை ஆரிட்டை இந்தச் செடி இருந்தது?"

"தெரிஞ்சாலும் கேக்கேல்லைத்தானே!"

"அவை கேக்கிற வரைக்கும் நான் எந்த முகத்தோடை அந்தக் கேற்றைத் திறக்கிறது?"

அடுத்த சனிக்கிழமை நேரே நிக்கலஸிடம் போனார். நிக்கலஸ் குழாய் பொருத்தும் வேலை செய்பவர். நெடிய மனிதர், பேச்சு குறைவு. ஸ்ட்ரோபெரிப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். பேச்சு முழுவதும் டேனிஷில்தான் நடந்தது.

"உங்கள் பாத்தியில் முளைத்திருப்பது என்னுடைய செடி, நிக்கலஸ். வேரைக் கூட்டெருவில் போட்டது நான்தான்."

"வேரையா?"

"நறுக்கிப் போட்டேன்."

"நறுக்கி வேறா!" நிக்கலஸ் மண் கையோடு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "சரி. எல்லாவற்றையும் கிண்டி எடுங்கள்."

"கிண்டினால் வேர் முறிந்து ஒன்று பத்தாகும். திரும்பத் திரும்ப வெட்டித்தான் வேரைக் களைக்கப்பண்ண வேண்டும்."

"எவ்வளவு காலம்?"

"மூன்று வருடம்." எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று கேட்கும் முதியவர்களுக்குப் பதில் சொல்லும் அதே பதமான குரலில் சொன்னார்.

நிக்கலஸ் கையிலிருந்த களையை வாளிக்குள் போட்டார். "அப்படியானால் மூன்று வருடத்துக்கு உங்களை இங்கிருந்து அனுப்பவும் முடியாது" என்றார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவருக்கே விளங்கியதுபோல் இருந்தது.

அந்த இடத்திலேயே அமலராணி, பழைய அகலக் குழாய்த் துண்டு ஏதாவது கிடக்கிறதா என்று கேட்டுவிட்டார். அவருடைய துணிச்சல் அப்படிப்பட்டது.

கிடந்தது. இப்போது அந்தக் குழாய் அவருடைய குடிலின் சுவரில் நிமிர்ந்து நிற்கிறது. தண்ணீர் சேர்க்காமல் இலையை மட்டும் உள்ளே திணித்து, மேலே தண்ணீர் நிரப்பிய போத்தலைப் பாரத்துக்கு இறக்கிவிட்டால் போதும். அடியில் வைத்த வாளிக்குள் கறுப்புச் சாறு சொட்டுச் சொட்டாக விழும். ஒரு கோப்பைச் சாற்றுக்குப் பதினைந்து கோப்பைத் தண்ணீர். மணம் வேலியைத் தாண்டாது. பீப்பாய்க்குத் தடை, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை பதினொரு தோட்டத்திலும் அமலராணி கையால் வெட்டு என்று சங்கம் தீர்மானம் எழுதியிருக்கிறது. முன்பு ஒரு தோட்டத்து இலை கிடைத்த இடத்தில் இப்போது பதினொரு தோட்டத்து இலை. "தண்டனை எண்டு நினைச்சுத்தான் தந்தவை, பாவங்கள்" என்கிறார் அமலராணி. மிளகாய்ச் செடிகள் கண்ணாடிவீட்டின் கூரையை முட்டுகின்றன.

தள்ளுவண்டி கடைசியாகப் போகும் இடம் நிக்கலஸின் தோட்டம். போன சனிக்கிழமை பாத்தியில் இருந்ததை எல்லாம் வெட்டி முடித்துத் திரும்பும்போது, குடிலின் பின்புறத்தில் கண்ணுக்குத் தப்பிய ஒரு செடி இடுப்பளவு வளர்ந்து ஊதாப் பூவோடு நின்றது.

"அதையும்" என்றார் பின்னாலேயே வந்த நிக்கலஸ்.

"ஓம், அதையும்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு அமலராணி குந்தினார். கழுத்தைச் சேர்த்துப் பிடித்தார். கத்தியை வைத்தார். அந்த நேரம் பார்த்து, கம்பளி போர்த்ததுபோல் இருந்த ஒரு குண்டு வண்டு வந்து ஒரு பூவுக்குள் தலையை நுழைத்தது. அவர் பிடியைத் தளர்த்தினார். வண்டு வெளியே வந்தது, அடுத்த பூவுக்குள் போனது. கொத்தில் இன்னும் இருபது பூக்களாவது இருக்கும்.

அமலராணி கத்தியைப் புல்லில் வைத்துவிட்டு, அது குடித்து முடிக்கட்டும் என்று சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டார்.