குருவம்மா அக்காவும் அணைக்காத மைக்கும்

சேவுகம்பட்டி குருவம்மாள் போய்விட்டார்களாம்... காலையில் டிவியில் கீழே எழுத்தாக ஓடியது. பல் விளக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உங்களுக்கெல்லாம் அவர் சினிமாவில் பாடி நடித்த குருவம்மாள். எனக்கு நாடக மேடைக் குருவம்மா அக்கா. திண்டுக்கல்லில் அண்ணனும் நானும் மைக் செட் வைத்திருந்தோம். ஐம்பதுகளின் கடைசியிலிருந்து நாலைந்து வருஷம் அவர்கள் நாடகத்துக்கெல்லாம் எங்கள் செட்தான்.

மதியம் டிவியில் ஒரு பெண் சொல்கிறது... "கணவர் அளித்த ஊக்கத்தால் திரையுலகில் நுழைந்தார்." ஊக்கமாம். வயிறு எரிகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். எண்பத்தைந்து வயது, விரல் நடுங்கும், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கணவன் பெயர் ரத்தினம். அவனுக்கு இங்கே மரியாதை கிடையாது. நாடகத்தில் ஹார்மோனியம் வாசிப்பான். அக்கா பாட்டில் புதுசாக ஒரு சங்கதி போட்டு, அதை அவன் விரலால் பிடிக்க முடியவில்லை என்றால் அன்றைக்கு அடி. ஜனங்கள் கை தட்டினால் இன்னும் கூடுதல் அடி.

அடித்த கையோடு வந்து உட்கார்ந்து, அடுத்த பாட்டுக்குச் சுதி கொடுப்பான்.

ஒரு தடவை பாலசமுத்திரத்தில்... திரைக்குப் பின்னால் அறிவிப்புக்கு என்று தனியாக ஒரு மைக் வைப்போம். அதை அணைக்க மறந்துவிட்டேன். என் தப்புதான்.

அறை விழுந்த சத்தம் குழாய் ஸ்பீக்கரில் ஊர் முழுக்கக் கேட்டது. அப்புறம் தலை தூணில் மோதிய சத்தம். அக்கா அலறிய சத்தம். மெட்ராஸிலிருந்து ஒரு சினிமா கம்பெனி அக்காவைப் பாடக் கூப்பிட்டுக் கடிதம் போட்டிருந்தது, அந்தக் கோபம் அவனுக்கு.

"மெட்ராசுக்குப் பாடப் போறியாக்கும்? பாலுல செந்தூரத்தைக் கலந்து குடுத்துருவேன். பெறகு தொண்டையில வெறும் காத்துதான் வரும்."

செந்தூரம் உள்ளே போனால் குரல் செத்துவிடும் என்று நாடகக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு.

ஜனங்கள் அதையும் நாடகம் என்றே நினைத்தார்கள். கை தட்டினார்கள். "ஒன்ஸ்மோர்" என்று கத்தினார்கள்... மொத்தக் கொட்டகையும்.

அக்கா உதட்டு ரத்தத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து பாடினார்கள். நான் ஆம்ப்ளிபயர் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

அன்றிலிருந்து அக்கா அவன் கையால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தாகம் என்றால் என்னைத்தான் கோலி சோடாவுக்கு அனுப்புவார்கள். "ஏலே அப்பு, கடையில ஒடைக்காத. என் கண்ணு முன்னாடி ஒடை." குண்டு உள்ளே விழும் சத்தம் கேட்டால்தான் பாட்டிலை வாங்குவார்கள்.

அப்புறம் சொந்த ஊரான சேவுகம்பட்டியிலேயே நாடகம் அமைந்தது. அக்கா தன் அம்மா வீட்டில் எத்தனையோ தடவை சொல்லி அழுதிருக்கிறார்கள். "புருசன் பொண்டாட்டின்னா அப்படித்தான் இருக்கும், போ" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சாயங்காலம் நான் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தபோது அக்கா பக்கத்தில் வந்தார்கள்.

"அப்பு, அன்னிக்கு அணைக்க மறந்தீல்ல... இன்னிக்கும் மற."

"ஒன்ஸ்மோர் கேப்பாங்கக்கா."

"இது எங்க ஊரு. எங்க ஆத்தாளுக்கு என் அழுகை தெரியும்."

"ரத்தினண்ணன் என்னையக் கொன்னுரும்கா."

"என்னையவும்தான்."

திரைக்குப் பின்னால் வைக்கும் மைக்கை எடுத்து ஒயரில் மாட்டினேன்.

முதல் பாட்டிலேயே வேண்டுமென்று நாலு சங்கதி போட்டார்கள். ரத்தினத்தின் விரல் தடுமாறியது. கூட்டம் விசிலடித்தது. திரை விழுந்ததும் ஆரம்பித்தான்... அறை, உதை, வளையல் நொறுங்கியது, அதே செந்தூரப் பேச்சு, எல்லாம் குழாயில். என் கை சுவிட்ச் மேல்தான் இருந்தது. அணைக்கவில்லை.

யாரும் கை தட்டவில்லை. முன்வரிசையில் அக்காவின் ஆத்தா எழுந்து நின்றார்.

"இது நாடகமில்லடி... எம்புள்ள அழுகுறா."

அவ்வளவுதான். பெண்கள் மேடை ஏறிவிட்டார்கள். ரத்தினத்தை முடியைப் பிடித்து இழுத்து வந்து செருப்பு, விளக்குமாறு, கையில் கிடைத்த எல்லாவற்றாலும் அடித்தார்கள். ஒருத்தி அவன் வலது கையைப் பலகையில் அழுத்திப் பிடிக்க, இன்னொருத்தி ஹார்மோனியத்தைத் தூக்கி அதன் மேல் போட்டாள். எலும்பு முறிந்த சத்தமும் மைக்கில் கேட்டது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அவனோடு வந்திருந்த ஆட்கள் சும்மா இருப்பார்களா... சோடா பாட்டில் பறந்தது. ஆம்ப்ளிபயரை உருட்டுக்கட்டையால் அடித்து நொறுக்கினார்கள். ஒரு பாட்டில் என் இடது காதில் வந்து வெடித்தது. அந்தக் காது அதோடு சரி. அக்காவின் சினிமாப் பாட்டு அத்தனையும் நான் ஒற்றைக் காதால் கேட்டதுதான்.

மறுநாள் அக்காவையும் ஆத்தாவையும் திண்டுக்கல் ஸ்டேஷனில் மெட்ராஸ் ரயில் ஏற்றிவிட்டேன். அக்காவுக்கு முகம் வீங்கி ஒரு கண் திறக்கவே இல்லை. எனக்குத் தலையைச் சுற்றிக் கட்டு. கோலி சோடா வாங்கி வந்தேன்... பதற்றத்தில் கடையிலேயே உடைத்துவிட்டேன். ஒன்றும் கேட்காமல் வாங்கிக் குடித்தார்கள்.

பெரிய ஆளான பிறகு ஒரு விழாவுக்குத் திண்டுக்கல் வந்தார்கள். அன்றைக்கும் எங்கள் செட்தான். மேடை ஏறி, கூட்டத்தைப் பார்க்காமல் என்னைத் தேடினார்கள்.

"அப்பு, மைக்கு போட்டுருக்கா?"

டெஸ்டிங் என்று நினைத்துக் கூட்டம் சிரித்தது. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

இன்றைக்குச் சொல்கிறேன்.

போட்டுத்தான் இருக்குக்கா... போயிட்டு வாங்க.