ஒரு வார்த்தையும் விடாமல் சொன்னவர்

சர்க்கரைக்காக ரேஷன் வரிசையில் நின்றபோதுதான் தெரிந்தது. முன்னால் நின்ற மாமி திரும்பி, "கோர்ட்டு மாமா போயிட்டாராம்டீ, விடியக்காலம்பற. நோக்குத் தெரியாதா?" என்றாள். குழந்தைக்குக் கக்குவான் இருமல். துக்கம் விசாரிக்கக்கூட நான் போகவில்லை. ஒரு மாதம் கழித்து இப்போதுதான் எழுத உட்கார முடிந்திருக்கிறது.

ஹரிஹரய்யர் என்றால் மாதுங்காவில் சிலருக்குத் தெரியாமல் போகலாம்; கோர்ட்டு மாமா என்றால் எல்லோருக்கும் தெரியும். போலீஸ் கோர்ட்டில் அவர் மொழிபெயர்ப்பாளர். தாராவியிலிருந்து வருகிறவர்கள் தமிழில் சொல்வதை மாஜிஸ்டிரேட்டுக்கு இங்கிலீஷில் சொல்வார்.

போன வருஷம் எங்கள் கட்டிடத்தார் எல்லோருமாக ஒரு தமிழ் டாக்கி பார்க்கப் போனோம். கூண்டில் மகன். தாய் ஓடி வந்து கதறுகிறாள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விடுதலை என்கிறார். கொட்டகையே அழுதது. மாமா மட்டும் வெளியே வந்ததும், "எல்லாம் சரி, ஜட்ஜுக்குத் தமிழ் தெரியறதே! கொடுத்துவச்சவ அந்தத் தாயார்" என்றார். சிரித்தோம். காலேஜில் எத்தனையோ நாவல்களில், நாடகங்களில் நீதிமன்றங்களைப் படித்தவள் நான். நடுவில் நின்று பேசும் இந்த மனிதர் அவற்றில் எங்குமே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் வேலம்மாளும் அந்தப் படத்தைப் பார்த்திருந்தாள். ஊரடங்கு போட்டிருந்த ஒரு மாலையில் அவள் மகனைப் போலீஸ் பிடித்தது. கல்லெறிந்த கூட்டத்தில் இருந்தானாம். அவளை மாமாவிடம் அழைத்துப் போனேன்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. அங்கே கதை சொல்லாதே" என்றார் மாமா.

"கதையா? எம் பிள்ள ஒமக்குக் கதையாப் போயிட்டானா சாமி?" என்றாள் அவள். படியிறங்கும்போது என்னிடம், "படத்துல ஆத்தா பேசுனதும் சட்ஜி கண்ணு கலங்குனாருல்லா? நானும் பேசுதேன், பாருங்க" என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் நம்பிக்கையில் எனக்கும் கொஞ்சம் பங்கு இருந்தது.

கோர்ட்டில், "அன்று மாலை மகன் வீட்டில் இருந்தானா?" என்று கேட்டார் மாஜிஸ்டிரேட். மாமா தமிழில் கேட்டார்.

"இல்ல சாமி. எனக்குக் காய்ச்சல். கசாயத்துக்குச் சுக்கு வாங்கத்தான் போனான்" என்று ஆரம்பித்தாள் வேலம்மாள். பிறகு நிறுத்தவே இல்லை. அவனைப் பெற்றது, புருஷன் போனது, தோல் கிடங்கில் அவன் மூட்டை தூக்குவது எல்லாவற்றையும் சொன்னாள். மாமா ஒன்றும் விடாமல், குரல் நடுங்காமல் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போனார். என் இடுப்பிலிருந்த குழந்தை வீறிட்டது. சேவகன் என்னை வெளியே தள்ளினான். திரும்பி வந்தபோது மாஜிஸ்டிரேட் எழுதி முடித்திருந்தார். அவர் எழுதியது 'இல்லை' என்ற ஒன்றைத்தான். மகனுக்கு ஜெயில்.

வராந்தாவில் மாமாவிடம் பொரிந்து தள்ளினேன். "இருந்தான்னு நீங்க ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருக்கப்படாதா மாமா? யாருக்குத் தெரியப்போறது?"

"யாருக்கும் தெரியாது. ஆனா, நாளைக்கு இன்னொருத்தி நிஜமாவே 'இருந்தான்'னு சொன்னா, என் வாயை யாரம்மா நம்புவா?" என்றார். மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தவர், பொடி போடாமலே மூடினார்.

வேலம்மாள் அவரை மன்னிக்கமாட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் போன செய்தியைச் சொன்னதும் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"நான் சொன்னது ஒண்ணும் எழுத்துல ஏறலன்னாவ. அந்தச் சாமிகிட்டத்தான் அம்புட்டும் இருந்துச்சு. இனி யாருகிட்டம்மா இருக்கும்?"

அவள் மகன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான். குழந்தை அழுததால் அன்று நான் கேட்டதும் பாதிதான். காய்ச்சல், சுக்கு, தோல் கிடங்கு வரைக்கும். மாமாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பாதி. அதையாவது விடாமல் இங்கே எழுதியிருக்கிறேன்.