பழைய கொடியில் கட்டிய தூளி

இல்லைங்க, அந்தக் கொடியை என் சம்பந்தி அம்சவேணி திருடவில்லை. எரிக்கச் சொல்லிக் கொடுத்ததை எரிக்காமல் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

கள்ளக்குறிச்சிப் பக்கம். புருஷன் போனபின் கைக்குழந்தையோடு டெல்லிக்கு வந்தவர். ஒரு வெளிநாட்டுத் தூதரக அதிகாரியின் பங்களாவில் சமையல் வேலை. பின்பக்கம் ஒரே அறை. அதிலேயே கவிப்ரியாவை வளர்த்து என் மகனுக்குக் கட்டிக்கொடுத்தார்.

அந்த நாட்டில் சண்டை மூண்டதும் அங்கிருந்து பணம் வருவது நின்றது. பங்களாவில் விருந்து நின்றது, கறி நின்றது, டிரைவரும் தோட்டக்கார மாலியும் போனார்கள். அங்கே ரொட்டிக்கு வரிசையில் நிற்கப் போன தன் அண்ணன் வீடு திரும்பவில்லை என்று அதிகாரியின் மனைவி, அந்த மேடம், அடுப்படியில் வந்து அழுதாராம். அம்சவேணி சம்பளமில்லாமலே சமைத்துப் போட்டார். தலைக்கு மேல் கூரை வேண்டுமே. "குண்டு அங்க விழுது சம்பந்தி, அரிசி டப்பா இங்க காலியாவுது" என்று சிரிப்பார்.

பிறகு ஆட்சி கவிழ்ந்தது. அவர் புருஷன், எங்கள் சாகிப், ஒரே ராத்திரியில் புது ஆட்சியின் ஆளானார். மாடியில் புதுக் கொடி ஏறியது. பழையதை அடுப்பில் போடச் சொல்லி அம்சவேணியிடம் கொடுத்தார். சேலை அகலத்துக்கு மெத்தென்ற பருத்தித் துணி. பிரசவத்துக்குக் கவிப்ரியா அம்மாவிடம் வந்திருந்தாள்; அந்த வாரம்தான் என் பேத்தி பிறந்திருந்தாள். பிறந்த பிள்ளைக்குப் பழந்துணிதானே இதம்? துவைத்துத் தூளி கட்டிவிட்டார். அதில் என் தங்கம் தூங்கிய அழகை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மூக்கு அப்படியே எங்க அம்மாவுடையது.

புது ஆட்சி அனுப்பிய அதிகாரி ஒருவர் பங்களாவைச் சுற்றிப் பார்க்க வந்தார். குழந்தை அழும் சத்தம் கேட்டு அறைக்குள் எட்டிப் பார்த்தார். தூளியில் பழைய கொடியைக் கண்டதும் முகம் கறுத்துவிட்டது. பழைய ஆட்சிக்கு இன்னும் இங்கே ஆள் இருக்கிறதா என்று கத்தினார். சாகிப் யோசிக்கவே இல்லை, சமையல்காரி திருடிவிட்டாள் என்றார். மேடத்துக்கு உண்மை தெரியும். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். குழந்தை நனைத்த துணியைத் தொட அதிகாரிக்குக் கூச்சம். அதை விட்டுவிட்டு, அறையைக் காலி செய்யச் சொன்னார்.

கவிப்ரியாவுக்கு ஆபரேஷன் தையல் ஆறவில்லை. எங்கள் முனிர்கா அறையில் இருக்கிறவர்களுக்கே காலை நீட்ட இடமில்லை. தையல் ஆறும்வரையாவது விடுங்கள் என்று நானும் போய்க் கேட்டேன். நாளைக் காலைக்குள் என்றார் சாகிப், என் முகத்தைப் பார்க்காமலே.

இன்று காலை டெம்போவில் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டிருந்தோம். மேடம் பின்வாசல் வழியாக வந்தார். அந்தத் துணியைத் தனக்குத் தர முடியுமா, பெட்டிக்குள் ஒளித்து வைத்துக்கொள்கிறேன் என்று இந்தியில் மெதுவாகக் கேட்டார்.

அம்சவேணி அவர் பக்கம் திரும்பவில்லை. தூளியை அவிழ்த்தபடி என்னிடம்தான் சொன்னார்:

"தொவைச்சுத் தரணுமா, அப்படியே வேணுமான்னு கேளுங்க சம்பந்தி. விடியறதுக்குள்ள பாப்பா ரெண்டு வாட்டி பேஞ்சிருக்கு."