டோரீனின் வலது கையுறை

பள்ளிப் பேருந்தின் கதவைத் திறந்துவிட்ட கை அன்றும் வெறுங்கையாகத்தான் இருந்தது. வெளியே முழங்காலளவு பனி. இடக்கையில் தடித்த தோல் கையுறை, வலக்கையில் ஒன்றுமில்லை. விரல் கணுக்கள் வெடித்துச் சிவந்து, மாட்டு மடிக்குத் தடவும் களிம்பு பூசி மினுங்கின. அந்த வாரம்தான் ஊருக்குக் குடிவந்திருந்த ஒரு சிறுமி படியிலேயே நின்று கேட்டாள்.

"உங்க இன்னொரு கையுறை எங்க?"

"மெர்ல் ஸ்டாக்வெல்கிட்ட இருக்கு."

"அவருதான் போன வருஷமே செத்துட்டாரே," என்றது பின்னிருக்கையிலிருந்து ஒரு குரல்.

"அதான் இன்னும் திரும்பி வரல. போய் உக்காரு கண்ணு, வண்டி எடுக்கணும்," என்றாள் டோரீன் பெல்வில்.

வெர்மான்ட் மலைகளுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் எங்கள் ஊரில் இன்று தகப்பன்களாகிவிட்ட பலரைப் பள்ளிக்கு ஏற்றிப்போனவள் டோரீன். அறுபதைத் தாண்டிவிட்டாள். கடவுள் நம்பிக்கை கிடையாது. அதை அவள் ஒளித்ததுமில்லை, தம்பட்டம் அடித்ததுமில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் மணி அடிக்கும்போது வாசலில் படுத்தபடி தன் வண்டிக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். ஆனால் ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டால் வலக்கையின் கையுறையைக் கழற்றி அவரிடமே கொடுத்துவிடுவாள். சொன்ன வேலை முடிந்த பிறகுதான் அதைத் திரும்ப வாங்குவாள். அதுவரை அந்தக் கை குளிரில் விறைக்க வேண்டியதுதான். இடையில் புது ஜோடி வாங்க நேர்ந்தாலும் இடதை மாட்டிக்கொண்டு வலதைப் பெட்டிக்குள் போட்டுவிடுவாள்.

ஏன் இப்படி என்று கேட்டால் ஒரே பதில்தான். "குளிருது இல்ல? அதான்."

கோடையில் அவள் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. "ஜூலை மாசத்துல யாரு வேணாலும் யாருக்கு வேணாலும் சத்தியம் பண்ணலாம். அதுக்கு நான் எதுக்கு?" என்பாள். குளிர்காலத்தில் பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் முதலில் சொல்லும் செய்தி, டோரீனுக்கு இன்றைக்கு ஒரு கையா இரண்டு கையா என்பதுதான். ஒரு கை என்றால், எந்த வீட்டுக்கு என்ன ஒப்புக்கொண்டாள் என்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

இதோடு ஊருக்கு அவள் வேலி பார்ப்பவளும்கூட. அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் வேலிக்காகச் சண்டை போட்டால், நடந்துபோய்ப் பார்த்து, எந்தப் பகுதியை யார் செப்பனிட வேண்டும் என்று சொல்லும் பதவி. சம்பளம் கிடையாது, திட்டு உண்டு. மார்ச் மாதத்து ஊர்க்கூட்டத்தில் அதற்கும் பதவிப் பிரமாணம் எடுத்தாக வேண்டும். 'கடவுள் எனக்குத் துணை நிற்பாராக' என்று முடிக்கலாம். நம்பிக்கை இல்லாதவர்கள் 'பொய்த்தால் தண்டனைக்கு உள்ளாவேன்' என்று முடிக்கலாம். ஊர் எழுத்தர் கோனி வலக்கையை உயர்த்தச் சொன்னதும் டோரீன் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொள்வாள். "வேலிய நேராப் பாத்து நேராச் சொல்றேன்," என்பாள். அதற்குமேல் ஒரு சொல் வராது. கோனி பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுவாள்.

ஒரு வருஷம் மெர்ல் எழுந்து நின்றுவிட்டான். செம்மறி வளர்ப்பவன், தேவாலயச் சபையின் மூப்பர்களில் ஒருவன், டோரீனோடு ஒரே வகுப்பில் படித்தவன். படித்த காலத்திலிருந்தே இருவருக்கும் ஆகாது.

"கோனி, இது செல்லாது. மேல ஒருத்தரு இருக்காருங்கற பயம் வேணும், இல்லன்னா ஜெயில் பயமாவது வேணும். ரெண்டும் இல்லாதவள எது புடிச்சு நிறுத்தும்?"

"உன்ன எது நிறுத்துது மெர்ல்? கடவுள் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பினா பக்கத்துக் காட்டு வேலிய நகத்திடுவியா?"

கூட்டம் சிரித்தது. மெர்ல் உட்காரவில்லை.

"நீயும் குளிருக்குப் பயந்துதானே வேலைய முடிக்கற? அதுவும் பயந்தான்."

"இந்தக் குளிர நானே கேட்டு வாங்கிக்கிட்டேன். யாரும் என் தலையில கட்டல. அந்த வித்தியாசம் புரியலன்னா உக்காரு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வெச்ச பீன்ஸ் ஆறுது."

கோனி வாக்கெடுப்பு வைத்தாள், ஊர் அவளையே மறுபடி தேர்ந்தெடுத்தது. மெர்ல் மட்டும் கை தூக்கவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் மெர்லுக்கு நெஞ்சு வலி வந்தது. பர்லிங்டன் நகரத்து ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை என்றார்கள், அதுவும் ஆடுகள் குட்டி போடும் நேரத்தில். அவன் மனைவி லோயிஸுக்கு மூட்டுவாதம், விரல்கள் மடங்காது. சபையிலிருந்து சமைத்த உணவு வந்தது, ஜெபமும் நடந்தது. நல்ல மனிதர்கள்தான். ஆனால் கொட்டகையில் வைக்கோல்மேல் காத்துக் கிடந்து, சிக்கிய குட்டியைக் கைவிட்டுத் திருப்பி எடுக்க அவர்களில் ஒருவரும் வரவில்லை. லோயிஸ் பெயர் வைத்து வளர்த்த ஆடுகளை வந்த விலைக்குத் தள்ளிவிட மெர்ல் முடிவு செய்திருந்த அன்று டோரீன் அவன் அடுக்களைக்குள் போய் நின்றாள்.

"நீ திரும்பி வர்ற வரைக்கும் ஆட்ட நான் பாத்துக்கறேன்."

மெர்ல் மேசைமேல் இருந்த வேதாகமத்தை அவள் பக்கம் தள்ளினான். "இது மேல கை வெச்சுச் சொல்லு."

"அது உன் புத்தகம். நான் அதுமேல கை வெச்சா அதுதான் பொய்."

"அப்ப உன் வாக்கு எனக்கு வேணாம்."

"வேணாம்னா அடுப்புல போடு," என்று கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு அவள் ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டாள்.

மெர்ல் திரும்பி வரவில்லை. ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனான். அடக்கத்தன்று டோரீன் தேவாலயத்துக்குள் நுழையாமல் வாசற்கதவோரம் நின்றாள். சவப்பெட்டி வெளியே வந்ததும் தொப்பியைக் கழற்றினாள். பிறகு நேராகக் கொட்டகைக்குப் போனாள். ஓர் ஆட்டுக்கு வலி எடுத்திருந்தது.

அந்த வசந்தத்தோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். மறுபடி பனி விழுந்தபோது அவள் வலக்கை வெறுமையாகவே இருந்தது, தினமும் இரண்டு வேளை ஸ்டாக்வெல் கொட்டகைக்குப் போவதும் நிற்கவில்லை. சுண்டுவிரல் நுனி கறுக்கத் தொடங்கியதும் கோனி பாதிரியாரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பேசிப் பார்த்தாள்.

"திரும்பி வர்ற வரைக்கும்னு எவளாவது சொல்லுவாளா? ஆபரேஷனுக்குப் போறவன்கிட்ட? நாள் வெச்சுச் சொல்லத் தெரியாதா உனக்கு?"

"தெரியாமத்தான் சொன்னேன். தப்பாக் குடுத்தாலும் குடுத்தது குடுத்ததுதான்."

பாதிரியார் தணிந்த குரலில் சொன்னார். "மெர்ல் உங்கள எப்பவோ விடுவிச்சிருப்பாரு, டோரீன். மேல இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு."

"அப்படின்னு நீங்கதான் சொல்றீங்க. அப்ப அவனக் கேட்டு வந்து சொல்லுங்க. எனக்கு அவன் எங்கயும் இல்ல. எங்கயுமே இல்லாதவன்கிட்ட நான் போய் எப்படி விடுதலை கேக்கறது?"

இந்த அழிச்சாட்டியத்தைக் கண்டு எரிச்சல்படாதவர் ஊரில் கிடையாது. அந்த எரிச்சலோடுதான் தினமும் காலையில் பிள்ளைகளை அவள் வண்டியில் ஏற்றி அனுப்புகிறோம். வேறு யார் வண்டியிலாவது ஏற்ற எங்களில் யாருக்கும் மனம் வராது.

இந்த மார்ச்சில் கடைசி ஆடும் குட்டி போட்ட காலை, டோரீன் கொட்டகையில் மண்டியிட்டு ஈரக் குட்டியை வைக்கோலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். தாயின் மடியைப் பிடித்துச் சீம்பாலைப் பீய்ச்சிக் குட்டியின் வாயில் விட்டாள். லோயிஸ் வீட்டிலிருந்து மெல்ல நடந்து வந்து பக்கத்தில் நின்றாள். மடங்காத விரல்களுக்கிடையே ஒரு கையுறை.

"ஆஸ்பத்திரியில குடுத்த பையில இருந்துச்சு. அவன் கோட்டுக்குள்ள. வேணாம்னு சொன்னவன் எடுத்துக்கிட்டுத்தான் போயிருக்கான்."

டோரீன் நிமிர்ந்தாள். "ஒரு வருஷமா ஏன் சொல்லல?"

"குடுத்தா நீ வரமாட்டியோன்னு பயம்." லோயிஸ் அழ ஆரம்பித்தாள். "உன் விரல் போற அளவுக்கு சும்மா இருந்துட்டேன் பாரு. போதும். நான் அவன் பொண்டாட்டி, நான் சொல்றேன், முடிஞ்சுது. ஆட்ட வித்துடறேன்."

"விக்கணும்னு உனக்கு இருக்கா?"

லோயிஸ் ஆடுகளைப் பார்த்தாள்.

டோரீன் கையுறையை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "எடுத்துக்கிட்டுப் போனானாமே, படுபாவி," என்றாள். "சரி. அவன் வரல, இது வந்துடுச்சு."

கறுத்த விரலைப் பதமாக நுழைத்து வலக்கையில் அதை மாட்டிக்கொண்டாள். பிறகு இடக்கையின் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றி, "ஆட்ட விக்காத," என்று லோயிஸின் உள்ளங்கையில் வைத்தாள்.